ஓதிச்சாமியின் நடை

எப்போதும் கெட்டுக் கிடக்கிற காரை யார் வேண்டுமானாலும் சரிசெய்துவிடலாம். எப்போதாவது கெட்டுப்போகிற கார்தான் எலக்ட்ரீஷியனின் நிம்மதியைக் கெடுக்கும்.

வசுமதி டீச்சரின் நீலநிறக் கார் இரண்டாவது ரகம். சில நாள் நேரங்கெட்ட நேரத்தில் அதன் அலாரம் அலறும். செண்பகம் குடியிருப்பின் நாலு மாடியும் விழித்துக்கொள்ளும், தெருநாய்கள் பின்பாட்டுப் பாடும். டீச்சர் சாவியைத் தேடி எடுத்துக்கொண்டு இறங்கி வருவதற்குள் தானாகவே ஓய்ந்துவிடும். எலக்ட்ரீஷியன் ஜெசிந்தா வந்து பார்க்கும்போது மட்டும், இன்ஸ்பெக்ஷன் நாளில் பள்ளிக்கூடம் இருப்பதுபோல் அப்படி ஓர் அமைதி.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயது. கோயமுத்தூர் சிங்காநல்லூரில் அவளுக்கு ஒரு சின்னக் கடை இருந்தது. கார் அலாரம் மட்டும்தான் பார்ப்பாள். இந்த ஒரு காருக்கு அன்று மூன்றாவது தடவையாக வந்திருந்தாள். பாட்டரியை அளந்தாள், சரியாக இருந்தது. கதவு சுவிட்சுகளை ஒவ்வொன்றாக அமுக்கி விட்டாள், அவையும் சரி. ஒயர்களைக் கொத்தாகப் பிடித்து ஆட்டிப் பார்த்தாள். கார் ஒரு முனகல்கூட முனகவில்லை.

"ஒண்ணுமே இல்லீங்க டீச்சர்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே. வெள்ளிக்கிழமை கத்துச்சே, அது என்ன, பாட்டு கிளாஸா?"

வசுமதி முப்பத்திரண்டு வருஷம் அரசுப் பெண்கள் பள்ளியில் வேலை பார்த்து, தலைமை ஆசிரியையாக ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றது அவர் மட்டும்தான். அவருடைய குரல் இன்னும் பணியில் இருந்தது.

"பாராவோட பதிவை எடுத்துப் பாத்துடறேங்க டீச்சர். எப்பக் கத்துச்சு, எதுக்குக் கத்துச்சுன்னு அது குறிச்சு வச்சிருக்கும்."

பாரா என்பது அந்த அலாரத்தின் பெயர். ஆறு வருஷமாக அது இல்லாமல் எந்தக் காரும் ரோட்டுக்கு வருவதில்லை. பழைய அலாரங்களுக்குக் கத்த மட்டும் தெரியும். பாராவுக்கு ஞாபகம் வைத்துக்கொள்ளவும் தெரியும். கத்தும்போது பக்கத்தில் யார் நின்றார்களோ அவரை அது குறித்துக்கொள்ளும். முகத்தைச் சேமிக்கக் கூடாது என்று சட்டம் இருந்தது. நடையைப் பற்றிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. ஆகவே பாரா நடையைச் சேமித்தது. கால் எவ்வளவு தூரம் வீசுகிறது, பாதம் எந்தப் பக்கம் திரும்புகிறது, தோள் எப்படிச் சாய்கிறது எல்லாவற்றையும். ஒரே நடை மூன்று தடவை பதிவானால் அது ஊரிலுள்ள எல்லாக் கார்களுக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதன்பிறகு அந்த நடைக்காரர் எந்தக் காருக்குப் பத்தடி பக்கத்தில் வந்தாலும் அந்தக் கார் 'கீச்' என்று ஒரு குரல் கொடுக்கும். பெரிய அலறல் இல்லை. 'உன்னைத் தெரியும்' என்று சொல்வதுபோல ஒரு சின்னக் கீச்சு.

கார் திருட்டு வெகுவாகக் குறைந்திருந்தது. எல்லோருக்கும் பாராவைப் பிடித்திருந்தது.

ஜெசிந்தா கையிலிருந்த திரையில் பதிவுகளைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள்.

"பிப்ரவரில ஆரம்பிச்சு ஏப்ரல் நடு வரைக்கும் இருபத்தாறு தடவை கத்தியிருக்குது. எல்லாமே பானெட் திறப்புன்னு போட்டிருக்கு. எல்லாமே திங்கள், புதன், சனி. காலைல ஆறே முக்காலுக்கு. அப்புறம் ஒண்ணுமே இல்ல. ஜூன்ல இருந்து மறுபடியும். இந்தத் தடவை நாள், நேரம்னு ஒரு ஒழுங்கும் இல்ல."

"முதல்ல கத்தினது அந்தத் தோட்டக்காரர்னால" என்றார் டீச்சர். "ஓதிச்சாமின்னு பேரு. பானெட்டைத் திறக்கப் பாத்திருக்கார். பாராவே குறிச்சுக் காட்டிச்சு. சங்கத்துல பேசி வேலையை விட்டு நிறுத்திட்டோம். நான்தான் செயலாளர், கடிதத்துல கையெழுத்துப் போட்டேன். அவர் போனதும் கத்தறது நின்னுச்சு பாரு. இப்ப வேற எவனோ கிளம்பியிருக்கான்."

"இருபத்தாறு நாள் பானெட்டைத் திறக்க வந்தவரு, ஒரு நாள்கூடவா திறக்காமப் போனாரு?"

டீச்சர் குனிந்து பானெட்டைப் பார்த்தார்.

"திங்கள், புதன், சனியில அவரு என்ன பண்ணுவாருங்க?"

"செடிக்குத் தண்ணி விடுவார்." சொல்லிக்கொண்டே மேலே பார்த்தார். கார் நிற்கும் இடத்துக்கு நேர் மேலே, முதல் மாடிக் கைப்பிடிச் சுவரில் வரிசையாகத் தொட்டிகள் இருந்தன. காகிதப்பூச் செடிகள் காய்ந்து குச்சியாகத் தொங்கின.

"போன வெள்ளிக்கிழமை மழையுங்களா?"

"சாரல். கொடியில போட்ட புடவையெல்லாம் நனைஞ்சு போச்சு." டீச்சரின் குரல் முதல் தடவையாகத் தாழ்ந்தது.

"ஒரு பக்கெட் தண்ணி வேணுங்க."

ஜெசிந்தா மாடிக்குப் போய்த் தொட்டிகளில் தண்ணீர் ஊற்றிவிட்டு இறங்கி வந்தாள். இருவரும் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார்கள். தொட்டியின் அடித் துளையிலிருந்து தண்ணீர் கசிந்து சுவரில் கோடு இழுத்தது. பழைய இரும்புக் குழாய் ஒன்றைப் பிடித்துக்கொண்டு நகர்ந்தது. குழாய் வளைகிற இடத்தில் தயங்கி, சொட்டுச் சொட்டாகக் காரின் முன் கண்ணாடி அடிவாரத்தில் விழுந்தது. ஒரு நிமிஷம் ஆயிற்று. இரண்டு நிமிஷம் ஆயிற்று. "எனக்கென்னவோ..." என்று டீச்சர் ஆரம்பித்தபோது கார் அலறியது.

திரையில் 'பானெட் திறப்பு' என்று வந்தது. பானெட் இறுக்கமாக மூடிக் கிடந்தது.

ஜெசிந்தா அலாரத்தை அணைத்துவிட்டு வைப்பருக்குக் கீழே இருந்த சல்லடையைக் கழற்றினாள். ஒயர்கள் உள்ளே நுழைகிற இடத்தில் ஒரு ரப்பர் வளையம் இருந்தது. அதில் நகம் போகிற அளவுக்கு ஒரு விரிசல். தண்ணீர் அதன் வழியாக இறங்கி, ஒயரையே பாதையாகப் பிடித்துக்கொண்டு பானெட் சுவிட்சுக்குப் போயிருந்தது. சுவிட்சின் உள்ளே பச்சைக் களிம்பு ஏறியிருந்தது.

"நனைஞ்சா பானெட் திறந்திருக்குன்னு இந்தச் சுவிட்ச் சொல்லும். பத்து நிமிசத்துல காஞ்சுடும், அப்புறம் ஒண்ணும் தெரியாது. நான் வர்றதுக்குள்ள எல்லாம் காஞ்சு கெடக்கும். என்கிட்ட எப்படி மாட்டும்?"

"அப்ப அந்த மனுஷன்..."

"தண்ணி ஊத்திட்டுக் கீழே இறங்கி வந்திருப்பாரு. கத்தினப்ப பக்கத்துல நின்னது அவருதான். அவ்வளவுதான் அவரு செஞ்ச குத்தம்." ஜெசிந்தா திரையைப் பார்த்தாள். "ஜூன்ல உங்க வாட்ச்மேன் ரெண்டு தடவை பதிவாயிருக்காரு. இன்னொருக்கா கத்தியிருந்தா அவரும் ஊர் முழுக்கப் போயிருப்பாரு."

டீச்சர் மாடிப்படியில் உட்கார்ந்துவிட்டார். களிம்பைச் சுரண்டி, கிரீஸ் வைத்து, புது ரப்பர் மாட்டி முடிக்க ஜெசிந்தாவுக்குப் பத்து நிமிஷம்கூட ஆகவில்லை. பழைய ரப்பரைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"இப்ப அவருக்கு என்ன ஆகியிருக்கும், ஜெசிந்தா?"

"அவரு நடந்தா ஊர்ல இருக்கற எல்லாக் காரும் கீச்சுங்கும், டீச்சர்."

*

ஓதிச்சாமி ஒண்டிப்புதூரில் ஒரு சந்துக்குள் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனார்கள். காரைச் சந்து முனையிலேயே நிறுத்திவிட்டு நடந்தார்கள். நிறுத்தச் சொன்னது டீச்சர்தான்.

ஓதிச்சாமி கடையிலிருந்து திரும்பி வந்துகொண்டிருந்தார். ஐம்பது வயது தாண்டிய, நெடுநெடுவென்ற மனிதர். ஆனால் முழங்காலை மடக்கி, சின்னச் சின்ன எட்டாக வைத்து, சேற்றில் இறங்கிய கொக்குபோல வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பொடிசுகள் அதேபோல நடந்து காட்டிச் சிரித்துக்கொண்டு வந்தன.

"காலுக்கு என்னங்ணா ஆச்சு?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

ஓதிச்சாமி செருப்பைக் கழற்றிக் கவிழ்த்தார். உள்ளேயிருந்து ஒரு புளியங்கொட்டை விழுந்தது.

"இத உள்ள போட்டுட்டு நடந்தா நடை மாறிப் போயிருதுங்க அம்மணி. பத்துக் காருல ஆறு சும்மா இருந்துக்கும். முட்டிதான் நெம்ப வலிக்குது." அப்போதுதான் டீச்சரைக் கவனித்தார். உடனே நிமிர்ந்து நின்றார். "வாங்க டீச்சர். உள்ள வாங்க. பழனாத்தா, யாரு வந்திருக்கா பாரு!"

அவர் மனைவி பழனாத்தாள் காப்பி கொண்டுவந்து வைத்தாள். ஆனால் டீச்சரின் முகத்தைப் பார்க்கவில்லை. செண்பகம் குடியிருப்புக்குப் பிறகு ஓதிச்சாமி மூன்று குடியிருப்புகளில் வேலைக்குப் போனார். மூன்றிலும் ஒரு வாரத்துக்கு மேல் யாரும் வைத்துக்கொள்ளவில்லை. கார்கள் நிற்கிற இடத்தைத் தாண்டாமல் தோட்டத்துக்குப் போக முடியுமா? இப்போது ஊருக்கு வெளியே ஒரு தென்னந்தோப்பில் மட்டை பொறுக்குகிறார். இதையெல்லாம் பழனாத்தாள்தான் சொன்னாள்.

"கோயிலுக்குப் போனாக்கூட நான் முன்னால போவனுங்க. இவரு நாப்பதடி பின்னால வருவாரு. சேந்து வரமாட்டேன்னுட்டாரு. என்ர அக்கா பொண்ணு கல்யாணத்துக்கு மண்டபத்துக்குப் போனோம். வாசல்ல அறுபது காரு நிக்குதுங்க. இவரு உள்ள காலெடுத்து வச்சதும் அத்தனையும் கீச்சு கீச்சுங்குது. சம்பந்தி வீட்டுக்காரங்க எல்லாரும் திரும்பிப் பாக்கறாங்க. இவரு அப்படியே திரும்பி நடந்துட்டாரு. ஒரு வாய் சாப்பிடலீங்க."

"அட, அத விடு" என்றார் ஓதிச்சாமி.

டீச்சர் காப்பியைத் தொடவில்லை. நடந்ததை முதலிலிருந்து சொன்னார். தொட்டி, குழாய், ரப்பர், களிம்பு எல்லாவற்றையும். வகுப்பில் பாடம் நடத்துவதுபோல ஆரம்பித்த குரல் பாதியில் உடைந்துவிட்டது. "தப்பு என்மேலதான் ஓதிச்சாமி. மன்னிச்சுக்கோங்க."

ஓதிச்சாமி கொஞ்ச நேரம் புளியங்கொட்டையை விரலில் உருட்டிக்கொண்டிருந்தார்.

"தண்ணி சொட்டறது எனக்கும் தெரியாதுங்க டீச்சர். மெசினு சொன்னா நம்பத்தான் தோணும். ஆனா ஒருக்கா கூப்பிட்டு, 'ஏம்ப்பா, நீ பண்ணினயா'ன்னு கேட்டிருக்கலாமுங்க."



*

ஜெசிந்தா பாரா நிறுவனத்துக்குப் புகார் எழுதினாள். படங்களோடு, வீடியோவோடு. நாலாவது நாள் பதில் வந்தது. 'பானெட் திறப்புச் சமிக்ஞை உண்மையிலேயே வந்ததாக உறுதி செய்யப்படுகிறது. பதிவு சரியானது.'

போன் செய்தாள். நிரஞ்சன் என்ற இளம் அதிகாரி மிகவும் மரியாதையாகப் பேசினான்.

"சிக்னல் வந்தது உண்மைதானே மேடம்?"

"தண்ணியால வந்துச்சு."

"எதால வந்துச்சுன்னு எழுத எங்ககிட்ட இடம் இல்ல மேடம். மறுபரிசீலனை கேட்டீங்கன்னா தொண்ணூறு வேலை நாள் ஆகும்."

"ஒரு மனுசன் ரோட்டுல நடக்க முடியாம இருக்காரு தம்பி."

நிரஞ்சன் குரலைத் தாழ்த்தினான். "உங்களுக்குப் புரியற மாதிரி சொல்றேன் மேடம். கத்த வேண்டிய நேரத்துல பாரா கத்தலைன்னா எங்கமேல கேஸ் போடுவாங்க. கத்தக் கூடாத ஆளைப் பாத்துக் கத்தினா யாரும் கேஸ் போடறதில்ல. அப்ப எதுக்கு அவசரப்படுவாங்க, சொல்லுங்க?"

யோக்கியமான பதில்தான். அதனாலேயே ஜெசிந்தாவுக்கு எரிச்சல் வந்தது.

பதிவை அழிக்க அவளுக்கு அதிகாரம் இல்லை. ஆனால் சர்வீஸ் உரிமம் இருந்தது. ஒருவரைக் காரின் வீட்டு ஆளாகச் சேர்க்க அது போதும். சந்தேகத்துக்குரியவர் என்று எழுதியிருப்பதை அழிக்க முடியாவிட்டால் என்ன, அதற்குமேல் வேறொன்றை எழுதிவிடலாமே. டீச்சர் உடனே சம்மதித்தார். ஓதிச்சாமியை வரவழைத்து, காரைச் சுற்றி ஏழு தடவை நடக்கவைத்தாள். 'விருந்தினர்' என்று போட்டுப் பார்த்தாள், பாரா ஏற்கவில்லை. 'குடும்பத்தினர்' என்று போட்டாள், அதையும் ஏற்கவில்லை. கடைசியில் 'உரிமையாளர்' என்று போட்டாள். பச்சை விளக்கு எரிந்தது.

ஓதிச்சாமி காரைத் தாண்டி நடந்தார். கீச்சு இல்லை. பக்கத்துக் காரைத் தாண்டினார். அதுவும் வாயைத் திறக்கவில்லை. மூன்று பேரும் சிரித்துவிட்டார்கள்.

சிரிப்பு இரண்டு நாள் நீடித்தது.

*

புதன்கிழமை காலை ஜெசிந்தா கடையைத் திறந்து ஊதுவத்தி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓதிச்சாமி வந்தார். மறுபடியும் கொக்கு நடை.

"என்னங்ணா, திரும்பவும் கீச்சுங்குதா?"

"இல்லீங்க அம்மணி. இப்பக் கதவத் தொறக்குது."

"எந்தக் காரு?"

"எல்லாக் காருமேதானுங்க."

அவர் சொன்னதைக் கேட்கக் கேட்க ஜெசிந்தாவின் கையில் இருந்த ஊதுவத்தி சாம்பலாகிக்கொண்டே வந்தது. பழைய குறி மறைந்து முதல் நாள் சும்மா இருந்த கார்கள், புதுச் செய்தி பரவியதும் மறுநாள் முதல் அவரை எதிர்கொண்டு வரவேற்றிருக்கின்றன. திருச்சி ரோட்டில் நடந்துபோனால் வரிசையாகப் பூட்டுகள் கழன்றன. பக்கக் கண்ணாடிகள் விரிந்தன. ஒரு பெரிய கார் டிக்கியைத் தூக்கிக் காட்டியது. இன்னொன்றில் சீட்டு பின்னால் நகர்ந்து, பாட்டுப் போட்டது.

"ஒரு காருல முன்சீட்டுல நகைக்கடைப் பை கெடக்குதுங்க. எனக்கு உசுரே இல்ல. தொறந்து கெடந்தா எவனாவது எடுத்துட்டுப் போயிருவான். அப்புறம் என்னத்தான் சொல்லுவாங்க. ஒவ்வொண்ணா சாத்திக்கிட்டே வந்தனுங்க. பதினோரு காரு. ஒருத்தரு வெளிய வந்து, 'புது டிரைவரா'ன்னு கேட்டுட்டுப் போனாரு. பயந்துபோயிப் புளியங்கொட்டைய எடுத்து மறுபடியும் போட்டுக்கிட்டேன்."

ஜெசிந்தா கணினியைத் திறந்து ஒரு மணி நேரம் தோண்டினாள். பிறகு டீச்சரை வரவழைத்து இருவருக்கும் விளக்கினாள்.

"பாரால ரெண்டு பதிவேடு இருக்குது. ஒண்ணு அந்தந்தக் காருக்குள்ள இருக்கறது, வீட்டு ஆளுங்களுக்கு. இன்னொண்ணு பொதுப் பதிவேடு, சந்தேகப்படற ஆளுங்களுக்கு. இவரு பேரு பொதுப் பதிவேட்டுல இருந்துச்சா, நான் போட்ட 'உரிமையாளர்' அங்க போயி உக்காந்துக்குச்சு. எந்தக் காருக்கு உரிமையாளர்னு எழுத அதுல கட்டமே இல்ல. அதனால எல்லாக் காருக்கும்."

"ஏன் கட்டம் இல்ல?" என்றார் டீச்சர்.

"சந்தேகப்படற ஆளு ஒருத்தர்கிட்டயும் சொந்தமாக் காரு இருக்கும்னு அத எழுதினவங்களுக்குத் தோணல."

ஓதிச்சாமி குனிந்து தன் செருப்பைப் பார்த்தார்.

"நான் போட்டத எடுத்தரலாம்" என்றாள் ஜெசிந்தா. "எடுத்தா பழையபடி கீச்சுதான். எடுக்காம விட்டா, எங்கயோ ஒரு காரு காணாமப் போகும், உங்க தலையில விழும். கம்பெனிக்குச் சொன்னா என்ர லைசென்ஸ் போகும்."

"லைசென்ஸ் போகும்னா வேண்டாமுங்க" என்றார் ஓதிச்சாமி உடனே. "எடுத்துருங்க. நான் கொட்டையவே போட்டுக்கறேன். பழகிப்போச்சு."

ஜெசிந்தாவுக்குச் சுருக்கென்றது. இத்தனை வருஷத்தில் அவள் எத்தனையோ வாடிக்கையாளர்களைப் பார்த்திருக்கிறாள். அவளுடைய கடைக்காகத் தன் முட்டியைக் கொடுக்க முன்வந்தவர் இவர் ஒருவர்தான்.

"இல்லீங்ணா. சொல்லித்தான் ஆகணும். ஆனா சொன்னாலும் தொண்ணூறு நாளும்பான்."

ஓதிச்சாமி யோசித்தார். "அம்மணி, என்னத் திருடன்னு தப்பா எழுதினப்ப யாரும் ஓடி வரல. மொதலாளின்னு தப்பா எழுதியிருக்குன்னு போயிச் சொன்னா ஓடி வருவாங்களா, மாட்டாங்களா?"

டீச்சர் எழுந்து சாவியை எடுத்தார். "நான் காரை எடுக்கறேன். கேட்டா, என் கார், என் சம்மதத்தோடதான் நடந்ததுன்னு சொல்லிக்கறேன். கையெழுத்து வேணும்னாலும் போட்டுத் தர்றேன். அதுல எனக்கு அனுபவம் உண்டு."

*

சரவணம்பட்டியில் பாரா நிறுவனத்தின் ஏழு மாடிக் கட்டடத்துக்கு முன்னால் பரந்த வெட்டவெளியில் இருநூறு கார்கள் நின்றன. காலை பதினோரு மணி வெயிலில் எல்லாம் பளபளத்தன. வரவேற்பில் இருந்த பெண் நிரஞ்சன் கூட்டத்தில் இருப்பதாகச் சொன்னாள். எப்போது முடியும் என்று தெரியாது என்றாள்.

"பரவால்லீங்க. ஜன்னல் வழியா கொஞ்சம் வெளிய பாக்கச் சொல்லுங்க" என்றாள் ஜெசிந்தா.

வெளியே வந்து ஓதிச்சாமியைப் பார்த்துத் தலையசைத்தாள். அவர் செருப்பைக் கழற்றிக் கொட்டையை எடுத்து எறிந்துவிட்டு, முதல் வரிசைக்குள் நடக்க ஆரம்பித்தார்.

அவருடைய சொந்த நடையை வெட்டவெளியில் ஜெசிந்தா பார்த்தது அதுதான் முதல் தடவை. நீளமான எட்டு. வலது பாதம் லேசாக வெளியே திரும்பும், பாத்தியில் செடியை மிதிக்காமல் போகிறவர்போல. நல்ல நடை.

முதல் கார் பூட்டைக் கழற்றியது. இரண்டாவது கதவைத் திறந்தது. மூன்றாவது, நாலாவது என்று வரிசை முழுவதும் கண்ணாடிகள் கோழி இறக்கை விரிப்பதுபோல விரிந்தன. டிக்கிகள் எழுந்தன. ஏசிகள் உறுமின. ஏழெட்டுக் கார்கள் ஒரே நேரத்தில் ஏழெட்டுப் பாட்டுகள் போட்டன. கடைசியில் நின்ற கறுப்புக் கார், நிறுவனத் தலைவருடையது என்று பிறகு தெரிந்தது, கதவைத் திறந்ததோடு உள்ளே விளக்கும் போட்டுப் படிக்கட்டு ஒன்றையும் நீட்டியது.

ஏழு மாடி ஜன்னல்களிலும் தலைகள் முளைத்தன. கழுத்து அட்டை பறக்க நிரஞ்சன் ஓடிவந்தான்.

"சார்! நடக்காதீங்க சார்! தயவுசெஞ்சு அங்கேயே நில்லுங்க!"

"நிக்கறனுங்க" என்றார் ஓதிச்சாமி. அந்தக் கட்டடத்து ஆள் ஒருவன் தன்னைச் சார் என்று கூப்பிட்டதை அவர் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை.

ஜெசிந்தா, தான் செய்ததை மறைக்காமல் சொன்னாள். டீச்சர் தன் பங்கையும் சொன்னார். நிரஞ்சன் இருவர் சொன்னதையும் கேட்டுக்கொண்டே யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தான். மேலேயிருந்து இன்னும் இரண்டு அதிகாரிகள் இறங்கிவந்தார்கள். லைசென்ஸை ரத்து பண்ணிவிடுவோம் என்று ஒருவர் உறுமினார். "பண்ணுங்க" என்றார் டீச்சர். "விசாரணை வைங்க. ஒரு தோட்டக்காரர் பேர்ல இத்தனை கார் எப்படித் திறந்துச்சுன்னு அங்க சொல்லிக்கலாம், எல்லாரும் கேட்கட்டும்." அதிகாரி அதற்குப்பின் உறுமவில்லை.

நிரஞ்சன் போனை வைத்தான். "ஆச்சு. ரெண்டு பதிவும் அழிச்சாச்சு. அவர் பேரு இப்ப எதுலயும் இல்ல."

ஜெசிந்தா மணியைப் பார்த்தாள். "ஆறு நிமிசம்."

"தொண்ணூறு வேலை நாளுக்கு இது பரவாயில்ல" என்றார் டீச்சர்.

நிரஞ்சன் முகம் சிவந்தது. ஜெசிந்தா பையிலிருந்து விரிசல் விட்ட ரப்பர் வளையத்தை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"இந்த மாடல் காரு எல்லாத்துலயும் இதே ரப்பர்தான். எத்தன காருல வெடிச்சிருக்கு, கத்தினப்ப பக்கத்துல எத்தன பேரு நின்னாங்க?"

"அந்தக் கணக்கு எங்ககிட்ட இல்ல மேடம்."

"இல்லையா, எடுக்கலயா?"

அவன் ரப்பரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "எடுத்தா, அப்புறம் ஏதாவது பண்ணணும்" என்றான் மெதுவாக.

ஓதிச்சாமி வரிசையின் மறுமுனைவரை போய்த் திரும்பி வந்தார். ஒரு காரும் கீச்சிடவில்லை. ஒரு கதவும் திறக்கவில்லை. "ஒண்ணும் என்னக் கண்டுக்கலீங்க" என்றார் முகம் முழுக்கச் சிரிப்போடு. டீச்சர் தன் காரின் முன்கதவைக் கையால் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏறுங்க ஓதிச்சாமி."

அவர் ஒரு காலை உள்ளே வைத்தபோது பின்னால் 'கீச்' என்றது.

அப்படியே உறைந்து நின்று தன் காலைப் பார்த்தார். மறுபடியும் கீச். ஆனால் அது தூரத்தில், மூன்றாவது வரிசையில் இருந்து வந்தது.

முப்பது வயதுப் பெண் ஒருத்தி, நிறுவனத்தின் நீலச் சீருடையில், நீளத் துடைப்பத்தால் கார்களுக்கு நடுவே சருகு கூட்டிக்கொண்டு வந்தாள். அவள் தாண்டுகிற ஒவ்வொரு காரும் குரல் கொடுத்தது. கீச். கீச். கீச். அவள் தலையைத் தூக்கவில்லை.

"அது ஒண்ணுமில்லீங்க" என்றார் வாசல் காவலாளி. "அந்தம்மா கூட்டற நேரம். தினமும் இப்படித்தான்."

நிரஞ்சன் படியிலேயே நின்றிருந்தான். அவன் ஜன்னலுக்கு நேர் கீழேதான் அந்த வரிசை. அவன் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை.

ஓதிச்சாமி காரிலிருந்து காலை எடுத்தார். மூன்றாவது வரிசைக்குள் நடந்துபோனார். அவருக்குச் சும்மா இருந்த கார்கள் அவளுக்குக் கீச்சிட்டன. ஜெசிந்தா பின்சீட்டிலிருந்து கருவிப் பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். டீச்சர் திறந்து பிடித்திருந்த கதவைச் சாத்தினார்.

"அம்மணி, ஒரு நிமிசம்" என்றார் ஓதிச்சாமி.

அந்தப் பெண் துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு இரண்டடி பின்வாங்கினாள்.

"நான் எதையும் தொடலீங்க" என்றாள்.

"தெரியுமுங்க" என்றார் ஓதிச்சாமி.